வராதவர்களுக்கான படம்: மொன்றியல் தமிழர் கலியாணங்களும் படத்தொகுப்பும்

மொன்றியல் தமிழரிடையே கலியாண வீடியோ ஒரு தொழிலாக வேர்பிடித்தது 1980களின் பிற்பாதியில். 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கித் தஞ்சம் கோரினார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீன்பிடிப் படகுக்காரர்களால் மீட்கப்பட்ட 155 தமிழர்களும் விரைவிலேயே மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் பிரிந்து சென்றார்கள். கோட்-டெ-நேஜ், பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்களில் மணமாகாத இளைஞர்கள் அதிகம். அவர்களுக்குப் பெண் அமைந்து, அவள் வந்து சேர்ந்து, கலியாணம் நடக்கும் நாளில் மண்டபத்தில் இருந்தவர்களைவிட இல்லாதவர்களே முக்கியமானவர்களாக இருந்தார்கள்: தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில், தமையன் பாரிஸில், அக்கா லண்டனில். தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் மாமனோ ஒன்றுவிட்ட அண்ணனோ உட்கார்ந்து கன்னிகாதானம் செய்துகொடுத்த கலியாணங்கள் பல. அவற்றின் வீடியோ வராதவர்களுக்காக எடுக்கப்பட்டது. இதை மறந்துவிட்டுப் பார்த்தால் அந்தக் காலத்துப் படங்களின் நீளமும் நிதானமும் வெறும் திறமைக் குறைவாகவே தெரியும்.

படத்தின் நீளத்தை முதலில் தீர்மானித்தது கசெட். வட அமெரிக்கக் கடைகளில் விற்ற டி-120 வி.எச்.எஸ். கசெட், நல்ல தரத்தில் பதிந்தால் 2 மணி நேரம் ஓடும். தரத்தைக் குறைத்தால் 6 மணி நேரம்வரை இழுக்கலாம். ஆகவே ஒரு கலியாணம் என்பது இரண்டு அல்லது மூன்று கசெட். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. அன்று கனடாவின் தொலைக்காட்சி முறை என்.டி.எஸ்.சி.: 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். இலங்கை, இந்தியா, பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் 625 கோடுகளும் 25 சட்டகங்களும் கொண்ட பால் முறை. பிரான்சில் செகாம். மொன்றியலில் எடுத்த கசெட்டை அப்படியே தபாலில் அனுப்பினால் கொழும்பில் அது ஓடாது, பாரிஸிலும் ஓடாது. எனவே முறைமாற்றம் செய்த பிரதிகள் தனியாக வேண்டியிருந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் படம் மங்கியது. அசைவு வெட்டி வெட்டி ஓடியது. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமே இருக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேட்டர்களின் உதவியோடுதான் அங்கே வீடியோ பார்க்க முடிந்தது.

அன்றைய தொகுப்பு இரண்டு வி.சி.ஆர்.களுக்கு இடையில் நடந்த வேலை. ஒன்றில் மூலக் கசெட்டை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் மற்றதில் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் ஒரு காட்சியை நீட்ட வேண்டுமென்றால் அதற்குப் பிறகுள்ள அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும். பதிவின் பதிவுக்குத் தரம் குறையும், அதற்கும் பதிவு எடுத்தால் நிறம் வழியும். இதனால் தொகுப்பவர்கள் குறைவாக வெட்டினார்கள். பெரும்பகுதித் தொகுப்பு கேமராவிலேயே முடிந்தது. பொன்னுருக்கல், கன்னிக்கால் நடுதல், மாப்பிள்ளை அழைப்பு, மணவறைச் சடங்குகள், தாலி, அறுகரிசி, ஆலத்தி, பந்தி என்று நடந்த வரிசையே படத்தின் வரிசை. மணப்பெண் கூறை மாற்றப் போகும் நேரம் மட்டுமே தொகுப்பவர் கைக்குக் கிடைத்த இடைவெளி. அங்கே ஒரு சினிமாப் பாட்டு ஒலிக்க, இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மாறி மாறித் தோன்றினார்கள். பானசோனிக்கின் டபிள்யூ.ஜே.-எம்.எக்ஸ்.50 போன்ற கலவைக் கருவிகளும், 1990இல் வந்த வீடியோ டோஸ்டரும் இந்த வித்தைகளுக்கு வழி செய்தன. டோஸ்டர் என்.டி.எஸ்.சி. முறைக்கு மட்டுமே உருவானது. ஆகையால் அதன் பறக்கும் எழுத்துகளும் சுழலும் சட்டங்களும் ஊரில் உள்ள ஸ்டூடியோக்களுக்குக் கைவராத வெளிநாட்டு அலங்காரமாகவே இருந்தன.

இன்று இந்தப் படங்களில் மிகவும் கேலிக்குள்ளாவது பந்தி. கேமரா மேசை மேசையாகப் போய், சாப்பிடுகிறவர்களின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சி, ஒவ்வொருவரிடமும் சில நொடி நிற்கும். மணமக்களுக்கு அது சலிப்பு. ஊரில் இருந்து பார்த்தவர்களுக்கோ கசெட்டின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான். யார் வந்தார், யார் வரவில்லை, யாருடைய பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிட்டது, யாருக்கு உடம்பு தளர்ந்துவிட்டது என்பதையெல்லாம் ஐந்து ஆண்டுகளாகப் பார்க்காத ஒரு தாய்க்கு வேறெந்தக் கடிதமும் அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்காது.

1990களில் இன்னொரு பார்வையாளர் சேர்ந்தார்: விசா அதிகாரி. மாப்பிள்ளை மொன்றியலில், பெண் யாழ்ப்பாணத்தில் என்றிருந்த குடும்பங்கள் பலவும் கொழும்பிலோ, சென்னை, திருச்சி போன்ற நகரங்களிலோ கலியாணத்தை நடத்தின. மாப்பிள்ளை சில வாரம் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்புவார். பெண் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பாள். கணவனோ மனைவியோ ஒருவரை வரவழைக்கக் கொடுக்கும் விண்ணப்பத்தில், அந்தத் திருமணம் உண்மையானதா என்று அதிகாரி சோதிப்பார். 2002இல் நடைமுறைக்கு வந்த கனடிய குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவு இந்தச் சோதனையை எழுத்தில் வைத்தது. கியூபெக்கில் இதற்கு மேல் மாகாண அரசுக்குத் தனிப் பொறுப்பேற்பும் கொடுக்க வேண்டும். சித்தார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட நாடுகடந்த இலங்கைத் தமிழ்த் திருமணங்கள் பற்றிய ஆய்வு நூல், கலியாண ஆல்பமும் வீடியோவும் எப்படி ஆவணங்களாக மாறின என்பதை விரிவாக ஆராய்கிறது. எந்தச் சடங்கின் படம் இருக்க வேண்டும், இரு பக்க உறவினரும் எப்படி நிற்க வேண்டும் என்பதைப் படம் எடுப்பவர்களே அறிந்து, அதற்கேற்ப மணமக்களை நிறுத்தினார்கள்.

கலியாணப் படம் ஒரு இணையின் தனிக் கதையைச் சொல்லத் தொடங்கிய இடம் இதுவே என்று சொல்லலாம். காதல் பாட்டு வருவதற்கு முன்பே, 'எப்படி அறிமுகமானீர்கள், யார் பேசி முடித்தார்கள், எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள்' என்ற கேள்விகளை அதிகாரியின் நேர்முகம் கேட்டுவிட்டது. பதில் சொல்லும் வகையில் படங்கள் அடுக்கப்பட்டன. அந்த அடுக்கில் கடற்கரையில் கைகோத்து நடக்கும் காட்சியும் இடம்பெற்றது. பேசிச் செய்த கலியாணத்திலும் 'இவர்கள் இணை' என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் ஒரு தூதரக மேசையிலிருந்தும் வந்தது. 2015 ஜூனில் பதிலாள் மூலமும் தொலைபேசி, இணையம் மூலமும் நடக்கும் திருமணங்களைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை என்று கனடா அறிவித்த பிறகு, இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்பது இன்னும் முக்கியமாயிற்று.

படத்தொகுப்பு வரலாற்றில் மொன்றியலுக்குத் தனி இடம் உண்டு. இங்கே வாழும் கலியாண வீடியோக்காரர்களில் பலரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வில்லியம் நொட்மன் 1856இல் தொடங்கிய புகைப்பட ஸ்டூடியோ, தனித்தனியாக எடுத்த படங்களை வெட்டி ஒட்டி, ஒருபோதும் ஒன்றாக நிற்காத கூட்டத்தை ஒரே படத்தில் நிறுத்தியது. 1870ஆம் ஆண்டின் பனிச்சறுக்குத் திருவிழாப் படம் அதற்குப் பேர்போனது. இறந்துபோன தகப்பனைக் கலியாணப் படத்தில் சேர்த்துக் கொடுக்கும் நம் ஊர் ஸ்டூடியோக்களின் வேலையும் அதே வகை. கனடிய தேசியத் திரைப்பட வாரியம் 1956இல் ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிரெஞ்சுப் பிரிவிலிருந்து மிஷேல் புரோவும் கில் குரூவும் 1958இல் எடுத்த 'லே ராக்கெத்தர்', கையில் தூக்கிய கேமராவோடு மக்களுக்குள்ளே புகுந்து எடுக்கும் நேரடிச் சினிமாவின் தொடக்கங்களில் ஒன்று. 1963இல் பியர் பெரோவும் புரோவும் இயக்கிய 'பூர் லா சுவீத் து மோந்த்' படத்தில், செயின்ட் லாரன்ஸ் நதித் தீவு ஒன்றின் மக்கள் கைவிட்டிருந்த பெலூகா வேட்டையைப் படக்குழுவின் தூண்டுதலால் மீண்டும் நடத்துகிறார்கள். கதையை நகர்த்துவது அவர்களுடைய சொந்தப் பேச்சுத்தான். கேமராவுக்காக மறுபடி நடத்தப்படும் சடங்கு, சம்பந்தப்பட்டவர் குரலிலேயே நகரும் கதை ஆகிய இரண்டும் பின்னாளில் கலியாணப் படங்களின் அடிப்படையாயின. கலியாணப் படம் எடுப்பவர்கள் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்று இதற்குப் பொருளில்லை.

கருவிகளின் கதை இன்னும் நேரடியானது. தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய டானியல் லாங்லுவா 1986இல் சொஃப்ட்இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1991இல் டிஸ்க்ரீட் லொஜிக் வந்தது. இரண்டும் சினிமாவுக்கும் விளம்பரத்துக்குமான பெரிய கருவிகளைச் செய்தவை. கலியாண ஸ்டூடியோ எட்டிப் பார்க்கக்கூடிய விலையில்லை. எட்டக்கூடியதாக இருந்தது, 1976இல் லோர்ன் ட்ரோட்டியேயும் பிராங்கோ மாட்டிச்சும் தொடங்கிய மேட்ராக்ஸ். டோர்வால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இயங்கிய இந்நிறுவனம், 2000த்தையொட்டி ஆர்.டி.2000, அடுத்து ஆர்.டி.2500, ஆர்.டி.எக்ஸ்.100 என்று அட்டைகளை வெளியிட்டது. அவற்றைச் சாதாரணக் கணினியில் செருகி, அடோபி பிரீமியரோடு சேர்த்தால், ஒரு காட்சி இன்னொன்றில் கரைவதைக் கணினி கணக்கிட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே பார்க்கலாம். ஒரு மாற்றத்துக்கு அரை மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வேலை செய்தவர்களே அறிவார்கள். தமிழ்நாட்டுக் கலியாண ஸ்டூடியோக்களில் பரவலாகப் பயன்பட்ட எடியஸ் மென்பொருள் ஜப்பானின் கனோபஸ் செய்தது. பின்னர் அது கிராஸ் வேலி நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2014இல் பெல்டன் நிறுவனம் கிராஸ் வேலியை வாங்கி மொன்றியலின் மிராண்டாவோடு இணைத்தபோது, அதன் தலைமையகமும் மொன்றியலுக்கு வந்தது.

1995இல் வந்த டி.வி. (DV) டிஜிட்டல் கசெட்டும் சோனி வி.எக்ஸ்.1000 கேமராவும், மேட்ராக்ஸ் போன்ற அட்டைகளும் சேர்ந்து, எந்தக் காட்சியையும் எந்த இடத்திலும் வைக்கலாம் என்ற நிலையை உண்டாக்கின. அந்தச் சுதந்திரம் முதலில் அலங்காரத்துக்கே செலவானது. புத்தகத் தாள் புரளும், ரோஜாப்பூ மழை பெய்யும், மணமக்கள் சுவிட்சர்லாந்து மலையின் முன்னால் நிற்பார்கள். ஆனாலும் படம் மண்டபத்தின் வரிசையை விட்டு விலகவில்லை. விலக வைத்தது 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2. பெரிய சென்சாரும், பின்னணியை மங்கவைக்கும் லென்சுகளும் கலியாணத்துக்குச் சினிமாத் தோற்றத்தைக் கொடுத்தன. ஒரு குறையும் இருந்தது: ஒரு துண்டு ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு மேல் பதியாது. இரண்டு மணி நேரச் சடங்கை அதில் தொடர்ச்சியாக எடுப்பது அபாயம். கெட்டிமேளம் கேட்கும் நொடியில் கேமரா நின்றுவிடலாம். அதனால் பழைய கேம்கோடர் முக்காலியில் நின்று முழுச் சடங்கையும் பதிய, புதிய கேமரா துண்டு துண்டாகக் கண், கை, பூ, கண்ணீர் என்று பொறுக்கியது. தமிழ்நாட்டில் 'டிரடிஷனல்', 'கேண்டிட்' என்று இரண்டு குழுக்களாகப் பிரிந்ததும் இந்தக் காலத்தில்தான். முழுப் படம் பெற்றோருக்கு. சில நிமிடக் குறும்படம் மணமக்களுக்கு.

அந்தக் குறும்படம் வெறும் பாட்டிலிருந்து கதையாக மாறியது ஒலியால். மணமக்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒருவர் பதிலை மற்றவர் கேட்காதபடி, முதல் சந்திப்பு, சண்டை, வீட்டில் சொன்ன நாள் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவார்கள். கேள்விகள் வெட்டப்படும், பதில்கள் கலியாணக் காட்சிகளின் மேல் விரிக்கப்படும். பெண் 'அம்மாவுக்குச் சொல்லப் பயம்' என்று சொல்லும் குரலுக்குக் கீழே, அம்மா கூறையைக் கையில் எடுத்துக் கொடுக்கும் காட்சி வரும். தொகுப்பவர் முதலில் அடுக்குவது குரல்களை, படம் பிறகுதான். வரவேற்பில் தோழனும் தோழியும் பேசும் பேச்சுகள், தகப்பனின் தடுமாற்றம், விருந்தினர் சிரிப்பு எல்லாம் இந்த அடுக்கில் சேரும். நல்ல தொகுப்பில் சடங்கின் வரிசை உடைந்தாலும் உறவின் வரிசை உடையாது. மோசமானதில் மங்கிய பின்னணியும் மெதுவான நடையும் பியானோவும் மட்டும் மிஞ்சும். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். பின்னது அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மொன்றியலில் இந்தக் குரல்கள் ஒரே மொழியில் இருப்பதில்லை. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போனார்கள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, நண்பரோடு ஆங்கிலமும் கலந்த பேச்சு என்று வளர்ந்த ஒருவர், காதலைப் பற்றிப் பேசும்போது ஒரு வாக்கியத்துக்குள் மூன்றுக்கும் போய்வருவார். ரொறன்ரோவிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு புரியாது, அப்பம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. வசன வரிகள் இல்லாமல் படம் முழுக் குடும்பத்துக்கும் போய்ச் சேராது. அவற்றை எழுதுவதும் தொகுப்பவர் தலையில் விழுகிறது.

சட்டமும் படத்துக்குள் நுழைகிறது. கியூபெக்கில் 1968இல் சட்டமாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வரும்வரை அரசுப் பதிவுத் திருமணம் என்பதே கிடையாது. எல்லாம் மதகுருமார் கையில் இருந்தது. இன்றைய குடிமைச் சட்டப்படி, திருமணத்தை நடத்திவைப்பவர் 392 முதல் 396 வரையான பிரிவுகளைச் சாட்சிகள் முன்னிலையில் மணமக்களுக்கு வாசிக்க வேண்டும். ஐயரின் மந்திரமும் குடிமைச் சட்டப் பிரிவுகளும் ஒரே கலியாணத்தின் மூலப் பதிவில் இருக்கும். குறும்படத்தில் பெரும்பாலும் மந்திரமே தங்கும்.

காலநிலையின் பிடி இறுக்கமானது. வெளியில் படம் எடுக்கத் தோதான மாதங்கள் மே கடைசி முதல் அக்டோபர் நடுவரை. அதன் நடுவில் ஆடி மாதம் விழுகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை முகூர்த்தம் வைப்பதில்லை. எஞ்சிய வார இறுதிகளில் டொலார்-தெ-ஓர்மோவிலுள்ள முருகன் கோயில், பார்க்-எக்ஸ்டென்ஷனிலுள்ள துர்க்கை அம்மன் கோயில், லவால் பக்கத்து விருந்து மண்டபங்கள் என்று வேலை குவிகிறது. கிறிஸ்தவத் தமிழருக்கு நோத்ர்-டாம்-தெ-லா-டெலிவ்ரான்ஸ் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு உண்டு. ஜோடிப் படப்பிடிப்புக்கு மோன்ட்-ரோயல் மலையின் கொண்டியாரோங்க் மேடை, பழைய மொன்றியலின் கல் பதித்த தெருக்கள். டோர்வால் விமான நிலையத்தைச் சுற்றிய வான்பரப்பு கட்டுப்பாட்டுக்குள் இருப்பதாலும், 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனுக்கு 2019 ஜூனிலிருந்து சான்றிதழ் வேண்டியிருப்பதாலும், நகரின் மேற்குப் பகுதிக் கலியாணங்களில் வானிலிருந்து எடுத்த காட்சி எளிதில் கிடைப்பதில்லை. மண்டபத்துக்குள் தொந்தரவு வேறு வகை: ஊதா நிற எல்.இ.டி. விளக்கு தோலின் நிறத்தைக் கெடுக்கும். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் வீடியோவில் பாதிச் சட்டகத்தை மட்டும் வெளுக்கும். தவிலின் ஓசையில் மைக் உடைந்து, தாலி கட்டும் நொடியின் ஒலி இரைச்சலாகப் பதியும். அனுபவமுள்ளவர்கள் ஒரு ஒலிப்பதிவியை வேண்டுமென்றே குறைந்த ஒலி அளவில் வைத்திருப்பார்கள்.

கோடை முழுவதும் சேரும் பதிவுகளை ஒரு சிறு ஸ்டூடியோ தானே தொகுத்து முடிக்க முடியாது. வன்தட்டுகளை விமானத்தில் அனுப்பியும், பிறகு இணையத்தில் ஏற்றியும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தொகுக்கக் கொடுப்பது பரவியது. மொன்றியலுக்கும் அந்த நகரங்களுக்கும் இடையே கோடையில் உள்ள ஒன்பதரை மணி நேர வேறுபாடு இதற்கு வசதி; இரவு அனுப்பிய திருத்தம் காலையில் தயாராக இருக்கும். முழுச் சடங்குப் படத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தும், ஏனென்றால் எந்தச் சடங்குக்குப் பின் எது வரும் என்று அங்கிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கதைப் படத்துக்கு அவ்வளவு பொருந்தாது. மேசையில் அழுதுகொண்டிருப்பவர் வளர்ப்புத் தாயா, வாடகை வீட்டுக்காரியா என்பது தொகுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதைப் படம் இணையத்துக்குப் போனதும் உரிமைச் சிக்கல்கள் வந்தன. சினிமாப் பாட்டுப் போட்ட படத்தை யூடியூப் தானாகவே அடையாளம் கண்டு தடுக்கும் அல்லது வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பும். இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு மொன்றியலுக்கு வெளியே நடந்தது. 2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரத்தில் நடந்த நயன்தாரா, விக்னேஷ் சிவன் கலியாணத்தின் படம் 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, இருவரும் நெருங்கிய 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்பின் சில நொடிக் காட்சிக்குத் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்டதாக நயன்தாரா வெளிப்படையாக எழுதினார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. ஒரு இணையின் கதை அவர்களுடையதாக இருந்தாலும் அதன் காட்சிகள் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம்.

கியூபெக்கில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மொன்றியல் தெருவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் படத்தை அவர் அனுமதியில்லாமல் 'வைஸ்-வெர்சா' இதழ் வெளியிட்ட வழக்கில், கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் அந்தப் பெண்ணுக்கு 2000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. பொது இடத்தில் எடுத்த படத்தை வெளியிடவும் இசைவு வேண்டும் என்பது இம்மாகாணத்தில் நிலைபெற்றது. கலியாணத்துக்கு வந்த விருந்தினர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார் என்பதற்காக, அவர் முகத்தை ஸ்டூடியோவின் விளம்பரப் படமாகப் போட இசைவு கொடுத்துவிட்டார் என்று ஆகாது. ஒப்பந்தத்தில் இணைய வெளியீட்டுக்குத் தனி வரி சேர்க்கும் வழக்கத்துக்கு இது வலுவான காரணம்.

2020இல் கொரோனாக் கட்டுப்பாடுகள் வந்தபோது படம் பழைய வேலைக்கே திரும்பியது. மண்டபங்கள் மூடின, 2021 ஜனவரி 9 முதல் கியூபெக்கில் இரவு 8 மணிக்கு மேல் ஊரடங்கும் அமலானது. கோயிலில் சிலர் மட்டும் கூடி நடந்த கலியாணங்கள் யாழ்ப்பாணம், லண்டன், பாரிஸ் உறவினர்களுக்கு நேரலையில் போயின. நேரலையில் வெட்ட ஒன்றுமில்லை. முழுச் சடங்கும் முழு நீளத்தில், வரிசை மாறாமல் ஓடியது. பந்தியின் இடத்தை ஓரத்தில் நகரும் வாழ்த்துச் செய்திகள் பிடித்தன. கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகும் நேரலை நிற்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே நிமிர்ந்த சட்டகத்தில் கைபேசிக்காக எடுக்கும் ரீல் வந்து சேர்ந்தது. கலியாணம் முடிந்த இரவே அது வெளியாகிவிடுகிறது. கதைப் படம் மாதங்கள் கழித்து வரும்போது உறவினர் பலர் ரீலைப் பார்த்து முடித்திருப்பார்கள்.

1990களில் கசெட்டில் பதிவானவர்களின் பிள்ளைகள் இன்று மணவறை ஏறுகிறார்கள். பெற்றோர் கலியாணத்தின் காட்சியைத் தம் கதைப் படத்தில் சேர்க்க விரும்புகிறவர்கள் கூடி வருகிறார்கள். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டதால், பழுதுபார்த்த பழைய இயந்திரங்களில்தான் கசெட்டை ஓட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்றுவிட்டொரு கோடாகப் பதிந்து, 720-க்கு 480 அளவில் கணினிக்கு மாற்றிய அந்தப் படத்தை இன்றைய அகலத் திரைக்குள் கொண்டுவர, கோடுகளைச் சேர்த்து, இருபுறமும் கறுப்பு விட்டு, மங்கிய நிறத்தைத் திருத்துகிறார்கள். தாலி கட்டும் காட்சி எல்லோரும் கேட்பது. ஆனால் தொகுப்பவர்களுக்கு அதிகம் பயன்படுவது பந்திப் பகுதி. பிறகு இறந்துபோன மாமனின் முகமும், கேமராவைப் பார்த்து அவர் சொன்ன வாழ்த்தும், மூன்று வயதுப் பெறாமகள் மேசைக்கடியில் ஓடுவதும் அங்கேதான் பதிவாகியிருக்கின்றன.